வீட்டுத்தோட்டத்திற் பயன்தரும் செடிகளும் தொல்லைதரும் செடிகளும்: மட்டக்களப்பு வாவிப் பகுதிக் கமக்காரருக்கு

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பு. படுவான்கரை வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும் கொண்ட அகன்ற பூமி. இவ்விரு கரைகளுக்குமிடையே பெண் கொடுத்தலும் கொள்ளுதலும் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றன. உறவினரைக் காணப் பாதையில் ஏறி வாவியைக் கடப்பவர் கையில் ஒரு முருங்கைக் கதியாலோ, வாழைக்குட்டியோ, ஈரச்சாக்கிற் சுற்றிய கீரைக்கொடியோ இருப்பது வழக்கம். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் இக்கொடுக்கல் வாங்கல் மேலும் இலகுவாயிற்று.

வீட்டுத்தோட்டங்களில் இன்று நிற்கும் செடிகளிற் பெரும்பாலானவை கடையில் விலைக்கு வாங்கப்பட்டவை அல்ல. அயலாரும் உறவினரும் கொடுத்தவை. கொடுப்பவர் செடியுடன் தமது அனுபவத்தையும் சேர்த்தே கொடுக்கின்றார். “இது நன்றாய்க் காய்க்கும்”, “இதற்கு நீர் வேண்டியதில்லை” என்று அவர் கூறுவன அவருடைய வளவில் உண்மையானவையே. எனினும் ஒரு கரையிற் புகழப்பட்ட செடி மறுகரையிற் பட்டுப்போவதும், அடக்கமாய் நின்ற கொடி வேறொரு வளவில் வேலியையும் கிணற்றடியையும் மூடிவிடுவதும் கமக்காரர் கண்டறிந்தவையாகும். செடி இடத்திற்கு ஒவ்வாது போனால் நட்டம் ஒரு வளவோடு முடிந்துவிடும். செடியின் பெயரால் வேறொன்று வந்துசேர்ந்தாலோ, செடியுடன் நோயும் களையும் வந்துவிட்டாலோ, அந்நட்டம் வாய்க்கால் வழியாக வயலுக்கும் வாவிக்கும் செல்லும். இத்துண்டுப்பிரசுரம் இவ்விரண்டையும் பற்றியது. இரண்டாவதைப் பற்றியே சற்று விரிவாகக் கூறுகின்றது.

மண்ணும் நீரும்

இப்பகுதியின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு கார்த்திகை தொடங்கித் தை வரை பெய்கின்றது. அதன் பின் வெயில்; வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இலையையும் மண்ணையும் ஒருங்கே உலர்த்திவிடும். ஆகவே ஒரு செடி இங்கு நிலைபெற வேண்டுமாயின் வெள்ளத்தையும் வறட்சியையும் ஓராண்டினுள்ளேயே தாங்குதல் வேண்டும். எழுவான்கரை மணலில் வெள்ளம் விரைவில் வடிந்துவிடும். வறட்சியே அங்கு பகை. படுவான்கரைக் களிமண் நிலங்களில் வறட்சியைக் காட்டிலும் மாரியில் வேரடியில் நிற்கும் நீரே செடியைக் கொல்லும். “முருங்கைக்கு என்ன பராமரிப்பு, நட்டாற் போதும்” என்று எழுவான்கரையார் கூறும்போது அவர் தமது மணலைப் பற்றியே கூறுகின்றார் என்பதை மறத்தலாகாது.

மணற்பாங்கான வளவுகளில் குழியின் அடியிற் பொச்சுகளை உட்புறம் மேனோக்கி அடுக்கி, அதன்மேல் எருவும் இலைகுழையும் கலந்த மண்ணை இட்டு நடும் பழக்கம் சிறந்தது. பொச்சு நீரைப் பிடித்துவைத்து வேருக்குச் சிறிது சிறிதாக விடும். தென்னை நிறைந்த ஊரிற் பொச்சை எரித்துவிட்டு, கோடையில் இருமடங்கு நீர் இறைப்பது வீண் உழைப்பாகும்.

கிணற்று நீரைப் பற்றியும் ஒரு சொல். எழுவான்கரையின் நன்னீர், மணலின் கீழ் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்பது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடற்கோளின்போது கல்லடி, நாவலடி முதலிய இடங்களிற் கிணறுகளில் உப்பு நீர் புகுந்தது. அவற்றைத் துப்புரவு செய்யவெனப் பொறி வைத்து அளவுமீறி இறைத்த இடங்களிற் கீழிருந்த உப்பு நீரும் மேலேறி வந்தது. பின் வந்த மாரி மழைகளே படிப்படியாக அதனைக் கழுவின. இவ்வனுபவம் இன்றைய தோட்டத்திற்கும் பொருந்தும். கோடையில் ஒரே நாளிற் பெருமளவு இறைத்தலை விட, காலையும் மாலையும் அளவாக இறைத்தலே நன்று. நீர் உவர்ப்பு ஏறியிருப்பின் வெங்காயமும் மிளகாயும் இலை நுனி கருகி அதனை முதலில் அறிவிக்கும். தென்னை தாங்கி நிற்கும்.

முருங்கையும் கத்தரியும்

முருங்கைக் கதியால் மணிக்கட்டுப் பருமனும் நான்கு அல்லது ஐந்து அடி நீளமும் கொண்டதாக இருத்தல் வேண்டும். மேல் வெட்டுவாயிற் சாணத்தை அப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் நடுக. படுவான்கரையில் இரண்டடி உயரத்திற்கு மண் கூட்டி அம்மேட்டின்மேல் நட்டாலன்றி வேர் அழுகிவிடும். முருங்கையின் கிளை எளிதில் முறியும் இயல்புடையது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி போன்ற பெருங்காற்று வேண்டியதில்லை, வழக்கமான வாடைக்காற்றே போதும். ஆகவே ஐப்பசி முடியுமுன் உயர்ந்த கிளைகளைக் குறைத்துவிடுதல் வேண்டும். குறைத்த மரம் தாழ்வாகக் கிளைக்கும், காயும் கைக்கெட்டும்.

மழை தொடங்கியதும் மயிர்க்கொட்டிகள் தோன்றும். முருங்கையை வெட்டி எறிபவர் பெரும்பாலும் இவற்றுக்கு அஞ்சியே வெட்டுகின்றனர். இரவில் இலையைத் தின்னும் இப்புழுக்கள் பகலில் அடிமரத்திற் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். அந்நேரத்தில் ஓலைப்பந்தத்தை மரப்பட்டை கருகாதவாறு விரைவாகத் தடவி எடுத்தால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். உணவுக்குக் கீரை கொய்யும் மரத்தில் நஞ்சு தெளித்தல் கூடவே கூடாது.

கத்தரியைப் போல் வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சியையும் சலிப்பையும் மாறிமாறித் தரும் செடி வேறில்லை. நன்கு காய்த்து நிற்கும் செடி ஒரு நண்பகலில் வாடி, மாலையில் நிமிர்ந்து, மூன்றாம் நாள் பச்சையாகவே பட்டுப்போகும். நீர்க்குறைவென்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் பலர். உண்மையை அறிதற்கு எளிய வழி உண்டு. பட்ட செடியின் அடித்தண்டிற் கையளவு துண்டை வெட்டி, தெளிந்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுவாய் நீரிற் படுமாறு பிடித்து நோக்குக. சிறிது நேரத்தில் வெண்ணிற இழை பாலைப் போற் கீழிறங்குமாயின் அது பற்றீரியா வாடல் நோயாகும். இந்நோய்க்கு மருந்தில்லை. கிருமி மண்ணில் நெடுங்காலம் தங்கும். அதே இடத்தில் தக்காளியும் மிளகாயும் அதற்கு இரையாகும்.

இங்குதான் வேலியோரத்திலும் தெருவோரத்திலும் தானே முளைத்து, முள்ளுடன் நிற்கும் சுண்டங்கத்தரி உதவிக்கு வருகின்றது. அதன் வேர் இவ்வாடலைத் தாங்கவல்லது. அதனை ஒட்டுக்கட்டையாகக் கொண்டு கத்தரியை ஒட்டினால், நோயுள்ள மண்ணிலும் செடி நிலைத்துக் காய்க்கும். சுண்டங்கத்தரி விதை மெதுவாக முளைப்பதாகலின் கத்தரி விதைக்கு மூன்று நான்கு வாரம் முந்தி அதனை இடுதல் வேண்டும். இரு நாற்றுக்களும் பென்சிற் பருமனை அணுகும்போது, சுண்டங்கத்தரியை நிலத்திலிருந்து நான்கு அங்குல உயரத்தில் வெட்டி, தண்டின் நடுவே முக்கால் அங்குலம் பிளக்க. கத்தரி நாற்றின் நுனியை ஆப்புப்போற் சீவி, பெரிய இலைகளைக் களைந்து, பிளவிற் செருகிப் பொலித்தீன் நாடாவாற் சுற்றுக. பட்டையோடு பட்டை பொருந்துதல் முக்கியம். இரண்டும் ஒரே பருமனாயிராவிடின் ஒரு பக்கமாவது பொருந்தட்டும். பின்னர் பொலித்தீன் பையால் மூடி, நிழலிற் பத்து நாள் வைத்து, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கலாம். முதன்முறை பத்தில் நான்கோ ஐந்தோ பிடித்தாலும் மனந்தளர வேண்டியதில்லை, கை பழகும்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருத்தல் வேண்டும். ஒட்டின் கீழிருந்து வரும் தளிர்களை வாரந்தோறும் கிள்ளிவிடாவிடின் சுண்டங்கத்தரி மேலோங்கிவிடும். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு இவ்வொட்டு மருந்தன்று. தலைசாய்ந்த நுனிகளைப் புழு இருக்கும் இடத்திற்கு ஓரங்குலம் கீழே வெட்டி எரித்தல் வேண்டும். துளையுள்ள காயை வேலிக்கப்பால் எறிபவர் புழுவை அயலாருக்கு அனுப்புகின்றார். அது அடுத்த தலைமுறையில் அவரிடமே திரும்பிவரும்.

பெயர் ஒன்று, செடி வேறு

பொன்னாங்காணி இவ்வூரவர் விரும்பி உண்ணும் கீரை. சிங்கள மக்கள் இதனை முக்குணுவென்ன என்பர். கிணற்றடி ஈரத்திலும் வயல் வரம்பிலும் தானே வளரும். சுண்டலுக்கு இதைப் போல் எளிதிற் கிடைப்பது வேறில்லை. இதனோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி நெடுந்தொலைவில் நடந்ததாயினும், நம் வளவுகளுக்கு நேராகப் பொருந்துவது.

அவுஸ்திரேலியாவிற் குடியேறிய இலங்கையர் பலர் தமது வீட்டுப் பின்புறங்களிற் பொன்னாங்காணி வளர்த்து வந்தனர். ஊர்க்கறி வேண்டுமென்ற ஆவலால் ஒருவர் மற்றவருக்குத் தண்டு கொடுத்தார். அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். 1990களில் அச்செடிகள் ஆராயப்பட்டபோது அவை பொன்னாங்காணி அல்ல, அதற்கு நெருங்கிய இனமான வேறொரு செடி என்று தெரியவந்தது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அச்செடி முதலைக்களை என்னும் பொருள்படும் பெயரால் அங்கு அறியப்படுவது. நீரிலும் நிலத்திலும் படர்ந்து வாய்க்கால்களை அடைக்கும் கொடிய களை. வீட்டுத்தோட்டத்தில் அன்புடன் கைமாறிய ஒன்று பல நகரங்களுக்குப் பரவிவிட்டிருந்தது. விக்டோரியா மாநில அதிகாரிகள் செடியைப் பிடுங்கச் சொன்னதோடு நில்லாது, அதே குடும்பத்தைச் சேர்ந்த, தீங்கற்ற உள்நாட்டுக் கீரையொன்றை மாற்றாகக் கொடுத்தனர். மாற்று இருந்தமையால் மக்கள் மனமுவந்து பழையதைக் கைவிட்டனர். களைத் தடுப்பு வேலையில் இத்தகைய நல்லறிவை எங்கும் காண்பதற்கில்லை.

முதலைக்களை இலங்கையிலும் காணப்பட்டுள்ளது. ஆகவே நம்மவரும் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். இலையைக் கொண்டு அறிதல் கடினம். இரண்டிலும் இலைகள் எதிரெதிராகவே நிற்கும். பூவே சான்று. பொன்னாங்காணியின் சிறு வெண்பூக்கள் இலைக்கக்கத்திற் காம்பின்றித் தண்டோடு ஒட்டிக்கொத்தாயிருக்கும். முதலைக்களையில் வெண்ணிற உருண்டைப் பூங்கொத்து ஒரு தனிக்காம்பின்மேல் உயர்ந்து நிற்கும். அக்காம்பு ஒரு விரற்கணு நீளமோ அதற்கு மேலோ இருக்கும். அதன் முதிர்ந்த தண்டை முறித்தால் உள்ளே குழாய் போல் வெறுமையாயிருக்கும். பூக்காத தண்டை யார் கொடுத்தாலும், பூக்கும்வரை தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே நிலத்தில் இடுக. ஐயமுள்ள செடியைக் கறிக்கு ஆயும்போது எஞ்சும் தண்டை வாய்க்காலிற் போடுதல் ஆகாது. ஒரு கணு போதும், அது மீண்டும் வேர்விடும்.

கொவ்வை இதன் மறுபுறத்தைக் காட்டுவது. நம் வேலிகளிற் பூச்சிக்கும் ஆட்டுக்கும் பாதி இரையாகி, மீதி நமக்குச் சுண்டலாகும் இக்கொடி, ஹவாயிலும் குவாமிலும் மரங்களை மூடிக் கொல்லும் களையாகிவிட்டது. இங்கு அதனை உண்ணும் உயிர்கள் உண்டு, அங்கு இல்லை என்பதே வேறுபாடு.

நீர் வழியே வரும் தொல்லை

ஆற்றுவாழை அதன் ஊதாப்பூவின் அழகுக்காகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்ததென்றால் அதன் வேகத்தை உய்த்துணரலாம். சல்வீனியாவோ 1939ஆம் ஆண்டிற் கொழும்பில் மாணவருக்குத் தாவரவியல் கற்பிக்கும் பொருட்டு வருவிக்கப்பட்டு, அங்கிருந்து தப்பி, வயல்களையும் குளங்களையும் மூடியது. 1986ஆம் ஆண்டில் ஒரு சிறு கறுப்புக் கூன்வண்டு கொண்டுவந்து விடப்பட்ட பின்னரே அது பல இடங்களிற் தணிந்தது. இரண்டையும் கெட்ட எண்ணத்துடன் எவரும் கொண்டுவரவில்லை. ஒன்று தோட்டத் தொட்டியிலிருந்தும், மற்றது பாடசாலைத் தொட்டியிலிருந்தும் புறப்பட்டவை.

ஆற்றுவாழை உப்பு நீரைத் தாங்காது. வாவியின் நீர் உவர்ப்பேறும் கோடையில் அது ஒடுங்கி, குளங்களிலும் வாய்க்கால்களிலும் ஆற்றுவாய்களிலும் தங்கிநிற்கும். மாரி வெள்ளம் அதனை மீண்டும் வாவிக்குள் தள்ளும். அங்கு வலை விரிக்கவும் தோணி செல்லவும் இடமின்றிப் போகும். வயல் வாய்க்காலில் அது அடைத்த இடத்தில் வெள்ளம் வரம்பை உடைக்கும். ஆகவே அதனை அகற்றும் காலம் மாரியன்று. நீர் வற்றி, செடி ஒடுங்கியிருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களே. பூத்து விதை விழுந்தால் சேற்றில் அவ்விதை பல ஆண்டு உயிருடன் கிடக்கும்.

அகற்றியதைப் பயன்படுத்தலாமா என்று கமக்காரர் வினவுவதுண்டு. பயன்படுத்தலாம், சாம்பர்ச்சத்து நிறைந்தது. எனினும் அதன் எடையிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே என்பதால், வண்டி கட்டி நெடுந்தூரம் கொண்டுசெல்லுதல் கூலிக்குக் கேடு. பூக்குமுன் எடுத்து, நீர் எட்டாத மேட்டில் வாடவிட்டு, நறுக்கி, வைக்கோலுடனும் சாணத்துடனும் அடுக்கி மக்கவிடுக. நகரக் கழிவு வாய்க்கால்களில் எடுத்ததைக் கீரைப்பாத்திக்கு இடலாகாது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பசளைக்கு அலைந்தவர்களுக்கு, வாய்க்காலைத் துப்புரவாக்கி எடுத்த இக்குப்பையின் அருமை புரிந்திருக்கும்.

கோரையைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அதனை அறியாதவர் எவருமிலர். வெட்டவெட்டக் கிழங்கு பிரிந்து பலவாகும். பெரும்பாலும் அது வண்டி மணலுடனும் எருவுடனுமே வளவுக்குள் நுழைகின்றது. கச்சான் காலத்தில் நீர் விடுவதை நிறுத்தி, ஆழக் கொத்திக் கிழங்குகளை மேலே கொணர்ந்து வெயிலில் உலரவிடுதலும், மழைக்கு முன் உயர்ந்த வரம்புகளில் வற்றாளைக்கொடியை நெருக்கமாக நட்டு நிழல் செய்தலும் அதனை ஒடுக்கும். ஓராண்டில் ஒழியாது.

வயலிலும் இதே கதை உண்டு. பன்றிநெல் எனப்படும் களைநெல் அம்பாறைப் பகுதியில் 1990களிற் கவனிக்கப்பட்டுப் பின் பல மாவட்டங்களில் தென்பட்டது. கதிர் முற்றுமுன்னரே மணி உதிர்ந்து மண்ணிற் கிடக்கும். அது தானாக நடந்து வருவதில்லை. கைமாற்றாகப் பெறும் விதைநெல்லுடனும், கழுவாத அறுவடை இயந்திரத்துடனும் வருகின்றது. விதைநெல்லில் ஒரு கைப்பிடி எடுத்து உமி நீக்கிப் பார்க்க. வெள்ளரிசி நெல்லிற் செவ்வரிசி கலந்திருப்பின் அவ்விதையை உணவுக்கு வைத்துக்கொள்ளுதலே நன்று.

கொடுக்கும் முன்னும் கொள்ளும் முன்னும்

இவற்றை அறிந்தபின் எவரிடமும் செடி வாங்குவதில்லை என்று முடிவு செய்தல் பேதைமை. வீட்டுத்தோட்டம் கைமாற்றால் வாழ்வது. வாங்கும்போது கேட்க வேண்டியவற்றைக் கேட்டு வாங்குதலே வேண்டும். “நன்றாய்க் காய்க்குமா” என்பதை விட, “எந்த மண்ணில் நிற்கின்றது, மாரியில் அடியில் நீர் நின்றதா, இரண்டாம் ஆண்டில் எவ்வளவு தூரம் பரவியது” என்று கேட்டல் பயனுடையது. கொடுப்பவரும் தாம் பட்ட தொல்லையை மறைத்துச் செடியைப் புகழ்தல் முறையன்று.

வாழைக்குட்டியில் இதற்கு மிக்க கவனம் வேண்டும். இலைகள் குறுகி உச்சியிற் கொத்தாக நெருங்கி நிற்கும் புதரிலிருந்தும், இலை மஞ்சளித்து மடிந்து தொங்கும் கோழிக்கூட்டுப் புதரிலிருந்தும் குட்டி எடுத்தலாகாது. அன்னை நோயுற்றால் குட்டியும் நோயுற்றதே. வாள்போல் ஒடுங்கிய இலையுள்ள குட்டியைத் தெரிந்து, கிழங்கின் வேரையும் மேற்றோலையும் வெண்மை தெரியும்வரை சீவுக. உள்ளே கபில நிறக் கோடோ துளையோ தெரிந்தால் அதனை நடாது எரித்துவிடுக.

பப்பாசி, மரவள்ளி ஆகியவற்றை வாங்கும்போது இலையின் அடிப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். பஞ்சுபோல் வெண்மையாய் அப்பியிருப்பது வெண்மூட்டுப்பூச்சி. 2008ஆம் ஆண்டில் இத்தீவிற் கண்டறியப்பட்ட இப்பூச்சி பப்பாசித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, 2009ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு நுண்குளவியே அதனை அடக்கியது. நஞ்சு தெளிப்பவர் அக்குளவியையே முதலிற் கொல்கின்றார்.

புதிதாக வந்த எச்செடிக்கும் வளவில் ஒரு தனிப்பாத்தி இருத்தல் நன்று. அது கிணற்றடிக்கும் வாய்க்காலுக்கும் எட்ட, வெள்ளநீர் ஓடும் வழியல்லாத மேட்டில் அமைய வேண்டும். ஒரு மாரியும் ஒரு கோடையும் அங்கு நின்று, பூத்துக் காட்டிய பின்னரே ஏனைய பாத்திகளுக்கு மாற்றலாம். இனந்தெரியாத செடியை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்ட விரும்புவோர், பூவுடன் கூடிய ஒரு கிளையைப் பழைய பத்திரிகைத் தாளின் மடிப்பில் வைத்து உலர்ந்த நிலையிற் கொண்டுவருக. எடுத்த இடம், மண்ணின் தன்மை, நீர் நிற்கும் அளவு, எடுத்த மாதம் ஆகியவற்றைத் தாளின் ஓரத்தில் எழுதிவிடல் வேண்டும். நீர்க்களையாயின் வாளியில் நீருடன் கொண்டுவருதல் கூடாது. வழியிற் சிந்தும் நீருடன் அது இன்னொரு வாய்க்காலை அடையக்கூடும்.